கணவர் வராத வீட்டுப் பெண் படிக்க உதவி உண்டா? கண்டியில் தேடுவோருக்குச் சில வழிகள்

"அக்கா, புருஷன் காணாமற்போன பொம்பிளையள் படிக்கிறதுக்கு எண்டு ஏதும் ஸ்கொலர்ஷிப் இருக்குதா?" இந்தக் கேள்வி என்னிடம் அடிக்கடி வருகிறது. கட்டுகஸ்தோட்டையில் வாடகை அறையில் இருக்கும் பெண் கேட்கிறார். கம்பளையில் தையல் வேலைக்குப் போகும் பெண் கேட்கிறார். புசல்லாவையில் லயத்துக்குத் திரும்பி வந்த பெண் கேட்கிறார். அந்தப் பெயரில் ஓர் உதவித்தொகை இந்த நாட்டில் இல்லை. ஆனால் வேறு வேறு பெயர்களில், வேறு வேறு கந்தோர்களில் சிதறிக் கிடக்கும் உதவிகளைச் சேர்த்தெடுத்தால் ஒரு பட்டம் வரை போகலாம். நான் அப்படித்தான் போனேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

கண்டியில் யுத்தம் நடக்கவில்லையே, இங்கே யார் பாதிக்கப்பட்டவர் என்று கேட்போர் உண்டு. 1977 இலும் 1983 இலும் நடந்த வன்செயல்களில் மலையகத்தை விட்டு வன்னிக்குப் போன குடும்பங்கள் ஏராளம். எனது பெற்றோர் 1977 க்குப் பிறகு போனவர்கள். நான் அங்கே பிறந்து, அங்கே கலியாணம் முடித்து, 2009 மே மாதத்தில் கணவரைத் தொலைத்தேன். பின்னர் இரண்டு பிள்ளைகளோடு கண்டிக்குப் பக்கத்தில் இருக்கும் மாமி வீட்டுக்கு வந்தேன். என்னைப் போல் வந்தவர்களைக் கணக்கெடுக்க யாரும் இல்லை. வடக்கு கிழக்குக்கான திட்டங்களில் எமது முகவரி பொருந்தாது. மலையகத்துக்கான திட்டங்களில் எமது கதை பொருந்தாது.

இராணுவத்தினரின் மனைவியருக்கு என்ன இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். கண்டி மாவட்டத்தில் படையினரின் குடும்பங்களும் நிறைய. அவர்களுக்கென்று 1999 ஆம் ஆண்டின் 54 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் ரணவிரு சேவா அதிகாரசபை இருக்கிறது. யுத்தத்தில் இறந்த, காணாமற்போன, அங்கவீனமான படையினரதும் பொலிஸாரதும் குடும்பங்களின் நலனைக் கவனிப்பது அதன் வேலை. பிள்ளைகளுக்குப் புலமைப்பரிசில், வீட்டுக்கு உதவி என்று அவர்களுக்குச் சட்டத்தில் ஓர் இடம் இருக்கிறது. அங்கேயும் உதவி பெரும்பாலும் பிள்ளையையும் வீட்டையும் நோக்கித்தான் போகிறது. அந்தப் பெண் தானே படிக்க வேண்டும் என்ற எண்ணம் அதில் பின்னால்தான் நிற்கிறது.

வெளிநாடுகளில் இந்த எண்ணம் பழையது. அமெரிக்காவில் 1956 இல் யுத்தத்தில் இறந்தவர்களின் பிள்ளைகளுக்குக் கல்வி உதவிச் சட்டம் வந்தது. 1968 இல் அதை விதவைகளுக்கும், முற்றாக அங்கவீனமானவர்களின் மனைவியருக்கும் விரித்தார்கள். இந்தியாவில் முன்னாள் படையினருக்கான பிரதமர் புலமைப்பரிசில் திட்டத்தில் பிள்ளைகளோடு விதவைகளும் விண்ணப்பிக்கலாம். எல்லாம் அரசுப் படையின் பக்கம் நின்றவர்களுக்குத்தான். எமது பெண்கள் எந்தப் படையின் பட்டியலிலும் இல்லை.

கண்டியைப் பற்றிப் பேசும்போது விசாகா தர்மதாசவைச் சொல்லாமல் விட முடியாது. 1998 இல் கிளிநொச்சிச் சண்டையில் அவருடைய மகன், ஓர் இராணுவ அதிகாரி, காணாமற்போனார். அதன் பிறகு காணாமற்போன படையினரின் பெற்றோரை ஒன்று சேர்த்தவர், பின்னர் யுத்தத்தால் பாதிக்கப்பட்ட பெண்களின் சங்கத்தைக் கண்டியிலிருந்தே நடத்தினார். அது புலமைப்பரிசில் கொடுக்கும் இடம் இல்லை. ஆனால் காணாமற்போனவரைத் தேடும் பெண் என்ற இடத்தில் சிங்களத் தாயும் தமிழ்த் தாயும் ஒரே வாங்கில் இருக்கலாம் என்று இந்த ஊரில் காட்டியது அந்தச் சங்கம்தான்.

இனி எங்களுக்கு என்ன இருக்கிறது என்று பார்ப்போம்.

முதலாவது, கையில் இருக்கும் பத்திரம். படிப்பு உதவிக்கு விண்ணப்பிக்கும் எந்தப் படிவத்திலும் கணவரின் பெயர், தொழில், வருமானம் என்று ஒரு கட்டம் இருக்கும். அதில்தான் எமது பெண்கள் பேனாவை வைத்துவிட்டு எழும்பிப் போகிறார்கள். உயிரோடு இருக்கிறார் என்று எழுதினால் வருமானம் எங்கே என்பார்கள். இறந்துவிட்டார் என்று எழுத மனம் வராது. ஒரு கந்தோரில் என்னிடமே, "ஆள் இருக்கா, இல்லையா, ஒன்றைச் சொல்லுங்க" என்று கேட்டார்கள்.

அதற்குச் சட்டத்தில் ஒரு மூன்றாவது பதில் இருக்கிறது. 2010 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க இறப்புப் பதிவு (தற்காலிக ஏற்பாடுகள்) சட்டத்தின்படி காணாமற்போனவருக்கு மரணச் சான்றிதழ் மட்டுமே எடுக்கலாம். 2016 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்கத் திருத்தம் காணாமற்போனமைக்கான சான்றிதழைக் கொண்டு வந்தது. அது கணவர் இறந்துவிட்டார் என்று சொல்வதில்லை, காணவில்லை என்று மட்டும் சொல்கிறது. அதை வைத்து நலன்புரி உதவிகளுக்கு விண்ணப்பிக்கலாம், பிள்ளைகளின் காரியங்களைப் பார்க்கலாம், சொத்தைப் பராமரிக்கலாம். அதே ஆண்டின் 14 ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகத்தில் உங்கள் முறைப்பாடு இருந்தால், இந்தச் சான்றிதழை எடுத்ததால் அந்தத் தேடுதல் மூடப்படுவதில்லை.

இதை நான் எத்தனை தடவை சொன்னாலும் பயம் போகாது. வட்டேகமைப் பக்கம் இருக்கும் ஒரு தங்கச்சி, பெயர் வேண்டாம், என்னிடம் கேட்டாள்: "அந்தப் பேப்பரை எடுத்து நான் படிக்கப் போனா, அவர் இல்லையெண்டு நானே சொன்ன மாதிரி ஆகாதா அக்கா?" நான் சான்றிதழை அவளுக்கு முன்னால் விரித்து வைத்து, அதில் எந்தச் சொல் இருக்கிறது, எந்தச் சொல் இல்லை என்று ஒவ்வொன்றாக வாசித்துக் காட்டினேன். அவள் எடுப்பதற்கு இன்னும் ஒன்பது மாதம் சென்றது. அவசரப்படுத்த எனக்கு உரிமை இல்லை.

பணத்தைப் பற்றியும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்த அலுவலகம் 2018 ஓகஸ்டில் வெளியிட்ட இடைக்கால அறிக்கையில், வருமானம் இல்லாத குடும்பங்களுக்கு மாதம் 6,000 ரூபா கொடுக்கும்படி பரிந்துரைத்தது. 2019 வரவு செலவுத் திட்டத்தில் அதற்கு 500 மில்லியன் ரூபா ஒதுக்கியதாக அறிவித்தார்கள். 2022 மார்ச்சில் ஒரே தடவையாக 100,000 ரூபா கொடுக்க அமைச்சரவை அனுமதித்தது. அது 2018 ஆம் ஆண்டின் 34 ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான இழப்பீட்டுக்கான அலுவலகத்தின் பொறுப்பு. 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் போராட்டத்தைத் தொடங்கிய தாய்மார் உட்படப் பலர் இந்தப் பணத்தை வேண்டாம் என்றார்கள், நீதிதான் வேண்டும் என்றார்கள். அவர்களின் நிலைப்பாட்டை நான் மதிக்கிறேன். அந்தப் பணத்தை எடுத்துப் படிப்புக்குக் கட்டிய பெண்ணையும் நான் மதிக்கிறேன். இரண்டு பேரையும் ஒருவருக்கொருவர் எதிராக நிறுத்துவதுதான் எனக்குப் பிடிக்காதது.

அடுத்த தடை, மனைவி என்று நிரூபிப்பது. வன்னியில் கடைசி ஆண்டுகளில் நடந்த கலியாணங்கள் பல அரச பதிவாளரிடம் பதியப்படவில்லை. கோயிலில் தாலி கட்டியதற்குப் படம்கூட இல்லை, இடம்பெயர்ந்தபோது எல்லாம் போய்விட்டது. பதிவு இல்லை என்பதால் கலியாணமே இல்லை என்று ஆகிவிடாது. கணவன் மனைவியாக ஊர் அறிய வாழ்ந்தார்கள் என்றால் அதைத் திருமணம் என்று அனுமானிக்க இலங்கைச் சட்டத்தில் இடமுண்டு. பிள்ளையின் பிறப்புச் சான்றிதழில் தகப்பன் பெயர் இருப்பது பெரிய சாட்சி. அதோடு சத்தியக்கடதாசி, அப்போதைய கிராம அலுவலரின் கடிதம், முகாமில் கொடுத்த குடும்ப அட்டை, செஞ்சிலுவைச் சங்கத்தில் பதிந்த துண்டு எல்லாவற்றையும் சேருங்கள். இலவச சட்ட உதவிக்கு அரசின் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. பதியப்பட்ட பிறப்பு, விவாகச் சான்றிதழ்களின் பிரதியை எடுக்கக் கிளிநொச்சிக்கு பஸ் ஏறுவதற்கு முன், கண்டியிலுள்ள கங்கவட்ட கோறளைப் பிரதேச செயலகத்தில் கேட்டுப் பாருங்கள். கணினியில் ஏற்றிய பதிவுகளை வேறு மாவட்டத்திலிருந்தும் எடுக்கலாம். சாதாரணதர, உயர்தரப் பெறுபேற்றுச் சான்றிதழ் தொலைந்தவர்கள் பரீட்சைத் திணைக்களத்திடம் இணையம் வழியாக விண்ணப்பிக்கலாம்.

இனிப் படிப்பு.

பிள்ளையோடு இருக்கும், வேலைக்கும் போகும் பெண்ணுக்கு நான் முதலில் சொல்வது இலங்கைத் திறந்த பல்கலைக்கழகம். 1980 இல் தொடங்கியது. அதன் கண்டிப் பிராந்திய நிலையம் பொல்கொல்லவில், மகாவலி அணைக்கட்டுப் பக்கம் இருக்கிறது. உயர்தரம் சித்தியடையாதவர்களும், படிப்பை இடையில் விட்டவர்களும் 18 வயது கடந்திருந்தால் அடிப்படைக் கற்கைநெறியில் சேரலாம். அதை முடித்தால் அங்கேயே பட்டப்படிப்புக்குப் போகலாம். வயது மேலெல்லை இல்லை. சமூகக் கற்கைகள், சட்டம், முன்பள்ளிக் கல்வி போன்றவற்றைத் தமிழில் படிக்கலாம். எனக்கு அப்போது முப்பத்துநான்கு வயது. வகுப்பில் என்னைவிட மூத்த ஓர் ஆசிரியையும், ஓய்வுபெற்ற ஒரு தபால்காரரும் இருந்தார்கள். "நீங்க ஏன் இவ்வளவு பிந்தி வந்தீங்க" என்று யாரும் கேட்கவில்லை. இரவில் பிள்ளைகள் படுத்த பிறகு பாடநூலை வாசித்து, ஒப்படையை எழுதி, சனி ஞாயிறில் பொல்கொல்லவுக்குப் போவேன்.

திறந்த பல்கலைக்கழகத்தில் கட்டணம் உண்டு, இலவசம் இல்லை. மகாபொல அங்கே கிடையாது. அது பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு வழியாக அனுமதி பெறும் உள்வாரி மாணவருக்கானது. ஆனால் குறைந்த வருமானமுள்ள மாணவருக்குத் திறந்த பல்கலைக்கழகமே கொடுக்கும் பேர்சரி இருக்கிறது, கட்டணத்தைத் தவணையாகக் கட்டும் வசதியும் இருக்கிறது. இது பலருக்குத் தெரிவதில்லை. பதிவு செய்யும் நாளிலேயே மாணவர் விவகாரப் பகுதியில் கேளுங்கள், பிறகு கேட்டால் அந்த ஆண்டுக்கான திகதி முடிந்திருக்கும். ஒரே ஆண்டில் எல்லாப் பாடத்தையும் எடுக்க வேண்டியதில்லை. கையில் இருக்கும் காசுக்கு ஏற்ப இரண்டு மூன்று பாடம் எடுத்து மெதுவாகப் போகலாம். நான் ஆறு ஆண்டு எடுத்தேன்.

உயர்தரத்தில் மூன்று பாடம் சித்தியடைந்தவர்களுக்குப் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் வெளிவாரிப் பட்டமும் ஒரு வழி. அதைத் தொலைக்கல்வி மற்றும் தொடர்கல்வி நிலையம் நடத்துகிறது. வகுப்பு குறைவு, தானாகப் படிக்கும் பழக்கம் இல்லாதவர்கள் இடையில் நின்றுவிடுகிறார்கள். பட்டம் வேண்டாம், கெதியாகச் சம்பளம் வேண்டும் என்பவர்களுக்கு கண்டித் தொழில்நுட்பக் கல்லூரியிலோ தொழிற்பயிற்சி அதிகாரசபையிலோ தேசிய தொழில் தகைமைப் பயிற்சி நல்லது. நைட்டா வழியாகத் தொழில் பழகுவோருக்குச் சிறு கொடுப்பனவும் உண்டு. தனியார் நிறுவனங்களில் பட்டம் படிக்க அரசின் வட்டியில்லாக் கடன் 2017 இலிருந்து இருக்கிறது. அது உயர்தரம் முடித்த இளையவர்களுக்கு. நாற்பது வயதுப் பெண்ணுக்கு அது இல்லை, ஆனால் அவளுடைய மகளுக்கு இருக்கலாம்.

பிள்ளைகளின் காரியம் சற்று இலகு. பேராதனைக்கோ வேறு அரச பல்கலைக்கழகத்துக்கோ தெரிவான பிள்ளை மகாபொலவுக்கும் பேர்சரிக்கும் விண்ணப்பிக்கலாம். லலித் அத்துலத்முதலி தொடங்கிய மகாபொல நிதியம் 1981 ஆம் ஆண்டின் 66 ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்தது. 2025 வரவு செலவுத் திட்டம் மாதக் கொடுப்பனவை 5,000 இலிருந்து 7,500 ரூபாவாகவும், பேர்சரியை 4,000 இலிருந்து 6,500 ரூபாவாகவும் உயர்த்தியது. இரண்டில் ஒன்றுதான் கிடைக்கும். முதல் தவணை கைக்கு வர மாதங்கள் செல்லும், அதனால் முதல் மூன்று நான்கு மாதச் செலவுக்கு வேறு வழி பார்த்து வையுங்கள். படிவத்தில் தகப்பனின் வருமானக் கட்டத்தில் "காணாமற்போனவர்" என்று எழுதிச் சான்றிதழின் பிரதியை இணைக்கலாம். பிள்ளையை "இறந்துவிட்டார்" என்று எழுத வைக்க வேண்டியதில்லை. மருத்துவ, பொறியியல் பீடங்களின் பழைய மாணவர் சங்கங்களும் வறிய மாணவருக்கு உதவுகின்றன. பீடத்தின் மாணவ ஆலோசகரிடம் பிள்ளை வாய் திறந்து சொன்னால்தான் அவருக்குத் தெரியும். எமது பிள்ளைகள் சொல்வதில்லை.

தோட்டத்தோடு தொடர்புள்ள குடும்பங்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். 1947 இல் தொடங்கிய இலங்கைத் தோட்டத் தொழிலாளர் கல்வி நிதியம் தோட்டத் தொழிலாளரின் பிள்ளைகளுக்கு உயர்தரத்துக்கும் பல்கலைக்கழகத்துக்கும் புலமைப்பரிசில் கொடுக்கிறது. கண்டியிலுள்ள இந்திய உதவி உயர்ஸ்தானிகராலயம் அதைக் கவனிக்கிறது. தகப்பன் வன்னியில் காணாமற்போனார், தாய் இப்போது தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறாள் என்றால் அந்தப் பிள்ளை தோட்டத் தொழிலாளியின் பிள்ளைதான். விண்ணப்பிக்கத் தயங்க வேண்டாம். இந்தியாவில் போய்ப் படிக்க நேரு ஞாபகார்த்தப் புலமைப்பரிசில், பட்டப்பின்படிப்புக்கு மௌலானா அசாத் புலமைப்பரிசில் என்பவையும் ஆண்டுதோறும் அறிவிக்கப்படும்.

பிரதேச செயலகத்தில் மகளிர் அபிவிருத்தி உத்தியோகத்தர் ஒருவர் இருப்பார். பெரும்பாலும் அவர்தான் உங்கள் கதையை முழுதாகக் கேட்கக்கூடிய ஆள். அஸ்வெசும கிடைக்கிறது என்றால் அந்தக் கடிதத்தின் பிரதி வருமானத்துக்கு நல்ல அத்தாட்சி. ஜனாதிபதி நிதியத்துக்கான விண்ணப்பங்களையும் 2025 இலிருந்து பிரதேச செயலகத்திலேயே கொடுக்கலாம், கொழும்புக்குப் போக வேண்டியதில்லை.

கண்டியில் படிவங்கள் சிங்களத்தில் நீட்டப்படும். அரசியலமைப்பின் 22 ஆம் உறுப்புரையின்படி, சிங்களம் நிருவாக மொழியாக உள்ள பகுதியிலும் தமிழில் எழுதவும், தமிழில் பதில் பெறவும் உங்களுக்கு உரிமை உண்டு. சண்டை பிடிக்க வேண்டாம். தமிழில் எழுதி, திகதி போட்டு, பிரதியில் கையொப்பம் வாங்கிக்கொள்ளுங்கள். விளங்காத சிங்களப் படிவத்தில் மட்டும் கையொப்பம் வைக்காதீர்கள்.

புலம்பெயர் உறவுகளும் பழைய மாணவர் சங்கங்களும் நேரடியாக உதவுவதுண்டு. நல்லவர்கள் நிறைய. ஆனால் பதிவுக் கட்டணம் கேட்பவரிடமும், அடையாள அட்டையையும் வங்கிப் புத்தகத்தையும் வட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்பவரிடமும் கவனமாக இருங்கள். உதவியோடு உங்கள் படத்தைப் போட வேண்டும் என்றால் வேண்டாம் என்று சொல்லலாம். கணவர் எந்த அமைப்பில் இருந்தார், எங்கே சரணடைந்தார் என்பவை படிப்பு உதவிக்குத் தேவையில்லாத கேள்விகள்.

கடைசியாகக் கடிதம். உதவி கேட்கும் கடிதத்தில் பலர் முள்ளிவாய்க்காலிலிருந்து தொடங்கி ஐந்து பக்கம் எழுதுகிறார்கள். எழுதும்போது அழுது, பாதியில் விட்டுவிடுகிறார்கள். ஒரு பக்கம் போதும். நான் யார், எந்தப் படிப்பு, எத்தனை ஆண்டு, மொத்தச் செலவு எவ்வளவு, என்னால் எவ்வளவு கட்ட முடியும், குறைவது எவ்வளவு என்று எழுதுங்கள். காணாமற்போனமை ஒரு வசனத்தில் வரட்டும், சான்றிதழ் இணைப்பில் இருக்கட்டும். வட்டேகமைத் தங்கச்சியின் கடிதம் பதினொரு வரி. அவள் கேட்டது அடிப்படைக் கற்கைநெறியின் இரண்டாம் நிலைக்குரிய மிச்சக் காசு. சாதாரண கணக்கைத்தான் எழுதியிருந்தாள்: பஸ் காசு, ஒப்படை அச்சடிக்க, பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் பக்கத்து வீட்டு அம்மாவுக்கு மாதம் இவ்வளவு. அந்தக் கடைசி வரியைப் பார்த்துத்தான் உதவியவர் முதலில் தொலைபேசி எடுத்தார்.